நூறு என்று காட்டும்

உங்கள் அலுவலகத்தின் முன்னறையில் மாட்டியிருக்கும் டிவியின் வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள், மேடம். நேற்று என்னை அங்கே மூன்று மணி நேரம் உட்காரவைத்திருந்தீர்கள். வேறு வேலை இல்லாததால் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைகளில் வாடிக்கையாளரின் கண்ணைப் பறிப்பதற்காக எல்லா டிவியையும் முழு வெளிச்சத்தில் வைத்திருப்பார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் யாரும் அதை மாற்றுவதில்லை. திரைக்குப் பின்னால் வரிசையாக இருக்கும் சின்ன விளக்குகள் உச்சத்திலேயே எரிந்து எரிந்து, நாலாவது வருடம் ஒன்று போகும். அது போனால் பக்கத்தில் இருப்பதும் போகும். அப்புறம் என்னைப் போன்ற ஒருவனைத் தேடுவீர்கள். சுவருக்கும் டிவிக்கும் நடுவில் ஒரு கை நுழையும் அளவு இடைவெளியும் வேண்டும். உங்கள் ஆள் ஒருவர் நேற்றுத் திரைமேல் நேராகத் தண்ணீரைத் தெளித்துத் துடைத்தார். தண்ணீர் கீழ் விளிம்புக்கு இறங்கினால் கோடு கோடாக விழும். துணியில் லேசாக ஈரம் போதும்.

நடந்ததை என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன். எனக்கு வயது அறுபத்தொன்று. டிவி பழுது பார்ப்பவன். கீழே கடை, மேலே இரண்டு அறை, அதற்கும் மேலே மொட்டை மாடி. கல்யாணம் ஆகவில்லை. அண்ணன் என்னைவிட எட்டு வயது மூத்தவர். கட்டட அலுவலகம் ஒன்றில் வரைபடம் வரைபவராக இருந்து ஓய்வு பெற்றவர். அண்ணி இறந்த பிறகு, அவருடைய ஒரே மகள் வெளிநாட்டில் குடித்தனம் போட்டுவிட்டதால், பெட்டியோடு என்னிடம் வந்து சேர்ந்தார். அப்போதிலிருந்து நாங்கள் இருவர்தான்.

நன்றாகவே இருந்தோம். இதை நீங்கள் நம்ப வேண்டும். நான் சமைப்பேன், அவர் பாத்திரம் தேய்ப்பார். சாயங்காலம் கடையை மூடிவிட்டு மேலே வந்தால் டிவி ஓடிக்கொண்டிருக்கும். அண்ணனுக்குத் தன் கண்மேல் அவ்வளவு பெருமை. நாற்பது வருடம் மயிரிழைக் கோடு போட்டவர் இல்லையா. அறுபத்தாறு வயதில் கண்ணாடி இல்லாமல், அறையின் அந்தக் கோடியில் இருந்துகொண்டு, செய்திச் சேனலின் அடியில் ஓடும் வரியைச் சத்தமாகப் படிப்பார். படிப்பது செய்திக்காக இல்லை, எழுத்துப்பிழையைப் பிடிப்பதற்காக.

"டேய், நாளைக்கு பலத்த மலை பெய்யும்னு போட்டிருக்கான். குடை பத்தாது, ஹெல்மெட் மாட்டிட்டுப் போ."

இப்படி ஏதாவது சொல்லிவிட்டு, நான் சிரிக்கிறேனா என்று திரும்பிப் பார்ப்பார். நான் சிரிப்பேன். அந்த டிவியை நான்தான் பொறுக்கி எடுத்து மாட்டினேன். வெளிச்சம் பாதி, பின்னால் இடைவெளி, பார்க்க ஆள் இல்லாவிட்டால் அணைத்துவிடுவது என்று கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டேன். ஒன்பது வருடம் ஒரு திருகாணியைக்கூடக் கழற்ற வேண்டியிருக்கவில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அண்ணன் ஒன்று சொன்னார். அதற்கு முன்பு அவருடைய மகள் போனில் பேசியிருந்தாள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, அப்பா தன்னோடு வந்து இருந்துவிட வேண்டும், காகிதமெல்லாம் தயார் என்று. அண்ணன் சரியென்று சொல்லிவிட்டார். எனக்கு அது முதலில் ஒரு மாதிரியாக இருந்தாலும், அப்பாவும் மகளும் சேர்ந்திருப்பது நியாயம்தானே என்று நினைத்துக்கொண்டேன். சாப்பிட்டுவிட்டு இருவரும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம். விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.

"போறதுக்கு முன்னாடி உங்கிட்ட ஒன்னு சொல்லணும்டா. சொல்லாம போனா எனக்கு அங்க சோறு எறங்காது."

"சொல்லுண்ணா."

"உன் கம்பெனிக்கு ஒரு மொட்டைக் கடுதாசி போச்சு இல்ல. அது நான் போட்டது."

அதைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். எனக்கு இருபத்தேழு வயது இருக்கும்போது ஒரு பெரிய டிவி கம்பெனியின் சர்வீஸ் பிரிவில் வேலை பார்த்தேன். பிரிவிலேயே கை சுத்தம், வேலை சுத்தம் என்று பெயர் எடுத்தவன். வெளிநாட்டில் அவர்களுடைய தலைமை ஆலையில் இரண்டு வருடப் பயிற்சி, பிறகு அங்கேயே வேலை என்று என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். பெட்டி வாங்கிவிட்டேன். ஸ்வெட்டர் வாங்கிவிட்டேன். பேசி வைத்திருந்த பெண், போய்ச் சேர்ந்ததும் கடிதம் போடச் சொல்லியிருந்தாள். அப்போதுதான் மேலாளருக்கு அந்தக் கடிதம் வந்தது. உதிரி பாகங்களைத் திருடி வீட்டில் பதுக்குகிறான், மர அலமாரியின் கீழ்த்தட்டில் பாருங்கள் என்று. வந்து பார்த்தார்கள். மூன்று செத்த போர்டுகள் இருந்தன. குப்பைக்குப் போக வேண்டியவை. பழகிப் பார்ப்பதற்காக எடுத்து வந்தவை. யார் கேட்டார்கள்? வேலை போயிற்று, பயணம் போயிற்று. திருடன் என்று கேள்விப்பட்டதும் பெண் வீட்டாரும் போய்விட்டார்கள்.

மேலாளர் அந்தக் கடிதத்தை என் முகத்துக்கு நேரே காட்டினார். ஒவ்வொரு எழுத்தும் அச்சு மாதிரி, ஒரே உயரத்தில், ஒரே இடைவெளியில் இருந்தது. வரைபட ஓரத்தில் எழுதும் எழுத்து அது. எங்கள் வீட்டுச் சர்க்கரை டப்பாவில்கூட அண்ணன் அதே எழுத்தில்தான் எழுதி ஒட்டியிருந்தார். எனக்கு ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. வீட்டு ஆளைச் சந்தேகப்படுவதற்குத் தனிப் புத்தி வேண்டும், மேடம். அது எனக்கு இல்லை. கூட வேலை பார்த்த ஒருவன்தான் எழுதியிருப்பான் என்று முடிவு கட்டினேன். அவனைச் சுருட்டை என்று கூப்பிடுவோம். எனக்குப் பதிலாக அவன்தான் பயிற்சிக்குப் போனான். திரும்பி வந்த பிறகு என்னைத் தேடிக் கடைக்கு இரண்டு முறை வந்தான். நான் ஷட்டரை இறக்கினேன். அவன் மாரடைப்பில் செத்துப்போனதாகக் கேள்விப்பட்ட அன்று நிம்மதியாகச் சாப்பிட்டேன். முப்பத்தொரு வருடம் ஒரு நல்ல மனுஷனை வெறுத்திருக்கிறேன். அந்தக் கணக்கை யாரிடம் போய் நேர்செய்வது?

"ஏண்ணா?" என்று மட்டும் கேட்டேன்.

"உங்க அண்ணி அப்ப மாசமா இருந்தா. அம்மா படுத்த படுக்கை. நீயும் போயிட்டா நான் ஒத்த ஆளா என்னடா பண்ணுவேன்? அவளுக்கும் அம்மாவுக்கும் ஆகாது, உனக்கே தெரியும். நீ இருந்தா அம்மாவப் பாத்துக்குவியேன்னு..."

பார்த்துக்கொண்டேன். பதினோரு வருடம். கடைசி நாலு வருடம் அம்மாவுக்கு நான் யாரென்றே தெரியாது. அண்ணன் தனிக்குடித்தனம் போய், மாதத்துக்கு ஒருமுறை பழம் வாங்கிக்கொண்டு வருவார். வரும்போதெல்லாம் என் தோளைத் தட்டி, "உன்ன மாதிரி ஒரு பிள்ள யாருக்குடா கெடைப்பான்" என்பார்.

"கோவமாடா?"

"விடுண்ணா. அது பழைய கதை."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எனக்குப் பெரிய பாரம் எறங்கின மாதிரி இருக்குடா" என்றார். அன்று சாயங்காலம் வழக்கத்தைவிட அதிகமாகச் சாப்பிட்டார். செய்தி வரியில் இரண்டு பிழைகள் கண்டுபிடித்தார்.

நான் சத்தம் போடவில்லை, கையை ஓங்கவில்லை. அதை நீங்கள் கவனிக்க வேண்டும். உட்கார்ந்து யோசித்தேன். நான் போகக் கூடாது என்று என்னைக் கட்டிப்போட்டவர், இப்போது தான் போகிறார். போகும்போது சுமையை இறக்கி என் தலையில் வைத்துவிட்டுக் கையை வீசிக்கொண்டு போகிறார். மகள் இருக்கிறாள், பேரக்குழந்தை இருக்கிறது. எனக்கு யார் இருக்கிறார்கள் என்று அவர் அப்போதும் யோசிக்கவில்லை, இப்போதும் யோசிக்கவில்லை. அவரைத் தண்டிக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. இருக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் காலை அவர் குளிக்கப் போயிருந்தபோது டிவியின் பேக்லைட்டை, அதாவது திரைக்குப் பின்னால் எரியும் அந்த விளக்குகளை, இரண்டு புள்ளி குறைத்தேன்.

ரிமோட்டில் குறைப்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் டிவிக்குள் சர்வீஸ் ஆட்களுக்கு மட்டும் தெரிந்த இன்னொரு பட்டியல் உண்டு. அங்கே போய் உச்ச அளவையே குறைத்துவிடலாம். அதற்குப் பிறகு ரிமோட்டை எவ்வளவு அமுக்கினாலும் திரையில் நூறு என்று காட்டும். வெளிச்சம் நாற்பதுதான் இருக்கும். நாங்கள் பார்த்துவந்த பாதி வெளிச்சத்தையே அங்கே உச்சமாக வைத்து, அதிலிருந்துதான் இறங்கினேன். ஒரேயடியாகக் குறைத்தால் கண் கண்டுபிடித்துவிடும். வாரத்துக்கு இரண்டு புள்ளி என்றால் யாருக்கும் தெரியாது. டிவிக்கும் அது நல்லதுதான்.

ஆறாவது வாரம் அண்ணன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். எட்டாவது வாரம் ரிமோட்டை எடுத்து அமுக்கிப் பார்த்தார்.

"டிவி மங்கலா இருக்கேடா. பழசாயிடுச்சா?"

"எனக்கு நல்லாதானே தெரியுது. பிரைட்னஸ் நூறுல இருக்கு பாரு."

அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு தன் உள்ளங்கையை முகத்துக்கு நேரே நீட்டிப் பார்த்தார். அன்று அவர் எந்த வரியையும் படிக்கவில்லை.

அதன் பிறகு அறையின் குழல்விளக்கை மாற்றிக் கொஞ்சம் மங்கலான பல்பு போட்டேன். கூச்சம் இல்லாமல் இருக்கும் என்று சொல்லி ஒரு கறுப்புக் கண்ணாடியும் வாங்கிக் கொடுத்தேன். அவரே ஒரு நாள், "கண்ணு போகுதுடா, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ" என்றார். மறுத்தால் நன்றாக இருக்காது. கூட்டிக்கொண்டு போனேன். மருத்துவர் சிரித்துவிட்டு, பெரியவருக்கு ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிடுவார், அத்தோடு என் விளையாட்டு முடிந்துவிடும் என்றுதான் நினைத்தேன். முடிந்தால் முடியட்டும் என்றுகூட ஒரு மனது இருந்தது.

ஆனால் அண்ணனுக்கு உண்மையாகவே நோய் இருந்தது.

கண்ணுக்குள் அழுத்தம் மிக அதிகம் என்றார் மருத்துவர். பெண்மணி, நிதானமாகப் பேசுபவர். அண்ணனை வெளியே உட்காரவைத்துவிட்டு என்னிடம் படம் போட்டு விளக்கினார். நடுப்பார்வை இப்போது நன்றாகத்தான் இருக்கிறது, ஓரப்பார்வை கொஞ்சம் போயிருக்கிறது, போனது வராது, ஆனால் மிச்சத்தைக் காப்பாற்றிவிடலாம். "இந்தச் சொட்டு மருந்து காலைல ஒன்னு, சாயங்காலம் ஒன்னு. ஒரு நாள் கூட விடக் கூடாது. விட்டா சத்தமில்லாம எல்லாம் போயிடும். மூணு மாசத்துக்கு ஒருதரம் கூட்டிட்டு வாங்க. நல்ல நேரத்துல கூட்டிட்டு வந்தீங்க."

இதை நீங்கள் எழுத்தில் பதிவு செய்யும்போது சரியாகப் பதிவு செய்ய வேண்டும். நோயை நான் உண்டாக்கவில்லை. நான் வெளிச்சத்தைக் குறைக்காமல் இருந்திருந்தால் அவர் மருத்துவரிடமே போயிருக்க மாட்டார். நோய் தெரியவந்தது என்னால்தான்.

வெளியே வந்து அண்ணனிடம் வேறு மாதிரி சொன்னேன். நரம்பு காய்ந்துகொண்டு வருகிறது, மருந்து போட்டால் மெதுவாகும், அவ்வளவுதான். பிரயாணம் ஆகாது, விமானத்தில் ஏறினால் அழுத்தம் கூடும், வெயில் ஆகாது. அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமல் கேட்டுக்கொண்டார்.

"அப்ப பாப்பாகிட்ட நீயே சொல்லிடு. எனக்குச் சொல்ல வாய் வராது" என்றார். மகளை அவர் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். எனக்கும் அவள் பாப்பாதான்.

முதல் பதினோரு நாள் நிஜ மருந்தைத்தான் விட்டேன். அண்ணாந்து பார்க்கச் சொல்லி, கீழ் இமையை இழுத்துப் பிடித்து, ஒரு கண்ணுக்கு ஒரு சொட்டு. எரியும். "ஸ்... மொளகாய அரைச்சு ஊத்தறான்" என்று கால்களை உதைப்பார், குழந்தை மாதிரி. துடைத்துவிடுவேன். அம்மாவுக்குச் செய்து பழகிய கை இது.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம் கடையிலிருந்து மேலே ஏறி வரும்போது அவர் போனில் பேசுவது கேட்டது. "மருந்து வேல செய்யுதும்மா. முன்னவிட பரவால்ல. சித்தப்பா சும்மா பயப்படறான். இன்னும் ரெண்டு மாசம் பாத்துட்டு டிக்கெட் போடு. நான் வந்துர்றேன்."

என்னிடம் சொல்லவில்லை. என் முதுகுக்குப் பின்னால் பேசி முடித்திருந்தார். முப்பத்தொரு வருடத்துக்கு முன்னால் செய்ததும் இதைத்தானே. படியிலேயே கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு திரும்பக் கீழே போய், திரை துடைப்பதற்காக நான் எப்போதும் வைத்திருக்கும் காய்ச்சி வடித்த தண்ணீர் பாட்டிலை எடுத்து வந்தேன். அது மிகவும் சுத்தமான தண்ணீர். உப்புக் கிடையாது, தூசு கிடையாது. கண்ணுக்கு எந்தக் கெடுதலும் செய்யாது. மருந்துக் குப்பியைக் கழுவி அதில் நிரப்பினேன்.

சாயங்காலம் விட்டேன். அவர் காலை உதைக்கவில்லை. "இன்னைக்கு எரியலடா" என்றார்.

"கண்ணு பழகிடுச்சுண்ணா."

இரண்டு மாதத்தில் டிவியை இன்னும் பன்னிரண்டு புள்ளி இறக்கினேன். பாப்பா டிக்கெட்டைப் பற்றிக் கேட்டபோது அவரே, "இல்லம்மா, முடியாது போல" என்று சொல்லிவிட்டார். அவள் அழுதாள். அப்பாவைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்ள முடியவில்லையே என்று அழுதாள். "சித்தப்பா, நீங்க மட்டும் இல்லன்னா எங்கப்பா கதி என்ன?" என்றாள். நான் இருக்கிறேன் என்றேன். அது பொய் இல்லை.

மருந்துக்கடைக்காரர் ஒருமுறை கேட்டார். எங்கள் தெருவிலேயே இருப்பவர், ஞாபகசக்திக்காரர். "என்ன சார், அண்ணனோட சொட்டு மருந்து தீந்திருக்குமே? வாங்கவே காணோம்?" பெரிய ஆஸ்பத்திரிக் கடையில் மொத்தமாக வாங்கிவிட்டேன் என்றேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரச்சொன்ன மருத்துவரைப் பற்றி அண்ணன் இரண்டு முறை நினைவுபடுத்தினார். அந்த அம்மா மாற்றலாகிப் போய்விட்டார் என்று சொன்னேன்.

அதற்குப் பிறகு வந்த இரண்டு வருடங்களைப் பற்றிச் சொல்வதற்கு அதிகம் இல்லை. அவர் வெளியே போவதை விட்டார். நான் செய்தி வரியைப் படித்துக் காட்டுவேன். சோறு பிசைந்து கையில் கொடுப்பேன். நகம் வெட்டுவேன். சட்டைப் பொத்தானைப் போட்டுவிடுவேன். "உனக்குத் தொந்தரவு குடுக்கறேன்டா" என்பார். ஒருமுறைகூட நான் முகம் சுளித்ததில்லை. அவர் முகம் சுளித்தாரா என்றால், அவரும் இல்லை. அந்த மூன்று வருடத்தில் நான் கோபப்பட்டது மிகக் குறைவு. உண்மையைச் சொன்னால், அம்மா போன பிறகு நான் அவ்வளவு நிம்மதியாக இருந்ததே அப்போதுதான்.

ஆறு மாதத்துக்கு முன்னால் பாப்பா போன் செய்து, அப்பாவுக்காக எடுத்திருந்த அனுமதிக் காகிதம் காலாவதியாகிவிட்டது, திரும்ப எடுப்பது நடக்காது என்று சொன்னாள். அண்ணன் இனி எங்கும் போகப்போவதில்லை. எனக்கு மனசு இளகிவிட்டது. போதும், பாவம் என்று தோன்றியது. அன்று மத்தியானம் அவரை நாற்காலியில் உட்காரவைத்து, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றச் சொல்லிவிட்டு, டிவியின் உள்பட்டியலுக்குப் போய் எல்லாவற்றையும் பழையபடி உச்சத்துக்கு ஏற்றினேன். சத்தத்தை நிறுத்திவைத்திருந்தேன். அவர் வெளிச்சத்தை மட்டும் பார்த்து வியக்க வேண்டும் என்று ஆசை.

அறையே வெளுத்துவிட்டது. எதிர்ச்சுவரில் படத்தின் நிறங்கள் ஆடின. எனக்கே கண் கூசியது. அண்ணன் முகத்தின் மீது முழு வெளிச்சமும் விழுந்துகொண்டிருந்தது. அவர் என்ன சொல்வார் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "டிவி போடலயாடா?" என்றார்.

அப்போதுதான் தெரிந்தது. அவரிடம் சொல்லவில்லை. சத்தத்தை வைத்தேன். இனிமேல் உண்மையான மருந்தை வாங்கி விட்டாலும் வராது என்று மருத்துவர் ஏற்கெனவே சொல்லியிருந்தார் அல்லவா? அதனால் குப்பியை மாற்றவில்லை. காலையும் மாலையும் அதே தண்ணீரை விட்டேன். திடீரென்று நிறுத்தினால் அவர் கவலைப்படுவார்.

முந்தாநாள் பாப்பா வந்தாள். சொல்லாமல் வந்தாள், அப்பாவுக்கு இன்ப அதிர்ச்சியாக இருக்கட்டும் என்று. வந்தவள் வாசலில் அப்படியே நின்றுவிட்டாள். அண்ணன் அவளுடைய குரல் வந்த பக்கத்துக்குச் சற்றுத் தள்ளி, சுவரைப் பார்த்துச் சிரித்தார். சாயங்காலம் மருந்து விடும் நேரத்தில், "குடுங்க சித்தப்பா, இன்னைக்கு நான் போடறேன்" என்று குப்பியை வாங்கிக்கொண்டாள். கொடுக்க மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? அவருக்கு விட்டாள். பிறகு என்ன நினைத்தாளோ, ஒரு சொட்டைத் தன் கண்ணிலும் விட்டுக்கொண்டாள். அவளுடைய மாமியாருக்கும் அதே நோயாம், அதே மருந்தாம். அதை அவள் தினமும் விட்டுப் பழகியவள்.

"இது எரியவே இல்லையே" என்றாள்.

"மொதல்ல எரிஞ்சுதும்மா. அப்புறம் கண்ணு பழகிடுச்சு" என்றார் அண்ணன்.

அவள் என்னைப் பார்த்தாள். மறுநாள் காலையிலேயே அவரை மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனாள். அந்த அம்மா அதே அறையில், அதே நாற்காலியில்தான் இருந்தார். பழைய சீட்டையும் எடுத்துக் காட்டியிருக்கிறார். மத்தியானம் திரும்பி வந்தார்கள். பாப்பா அண்ணனை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, "நீங்களே கேளுங்கப்பா. நான் கேட்டா நல்லா இருக்காது" என்று சொல்லிவிட்டு மொட்டை மாடிக்கு ஏறிப் போய்விட்டாள்.

நான் எதிரில் உட்கார்ந்தேன்.  "டிவியக் கொறைச்சது எனக்குத் தெரியும்டா" என்றார் அண்ணன்.

எனக்குப் புரியவில்லை.

"மருந்து போட ஆரம்பிச்சு ஏழெட்டு மாசம் இருக்கும். நீ யார் வீட்டுக்கோ வேலைக்குப் போயிருந்த. வெயில்ல ஒருதடவ நிக்கலாம்னு மேல போனேன். கண்ணாடியக் கழட்டினேன். பக்கத்து வீட்டுத் தண்ணித் தொட்டியில போட்டிருக்கிற சின்ன எழுத்த எல்லாம் படிச்சேன். நல்லா தெரிஞ்சுது. கீழ வந்து பாத்தா டிவி மட்டும் இருட்டு, நூறுன்னு காட்டுது. வேற யாருக்குடா அந்த வேல தெரியும்?"

"ஏன் சொல்லல?"

"என்னன்னு சொல்றது? நான் உன்னப் போக விடாம பண்ணினேன். நீ என்னப் போக விடாம பண்ற. சரி, பண்ணிக்கட்டும்னு விட்டுட்டேன். உங்கூடவே இருந்துடறேன்னு முடிவு பண்ணிட்டேன். பாப்பாகிட்ட முடியாதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். குருடன் மாதிரி உக்காந்தேன். நீ சோறு ஊட்டினா வாங்கிக்கிட்டேன். அப்படியாவது தீரட்டும்னு."

சட்டையின் கடைசிப் பொத்தானைத் தடவிக்கொண்டே இருந்தார். அன்று காலை நான்தான் அதைப் போட்டுவிட்டிருந்தேன்.

"அப்புறம் நெஜமாவே மங்கிச்சு. நீதான் இன்னும் கொறைக்கறேன்னு நெனச்சேன். வெளியவும் போறதில்ல, கறுப்புக் கண்ணாடி வேற. ஒருநாள் ஜன்னல் எந்தப் பக்கம்னு தெரியல. அப்பவும் எனக்குப் பயம் வரல. அதான் ரெண்டு வேளையும் நீ மருந்து போடறியேன்னு இருந்தேன்." பொத்தானை விட்டுவிட்டு முகத்தை என் பக்கம் திருப்பினார். "டிவி சரிடா. அது எனக்கு வேணும். மருந்துமாடா?"

 மேலிருந்து பாப்பா இறங்கி வரும் சத்தம் கேட்டது. எழுந்து கடைச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, நடந்தே இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன். யாரும் என்னைப் பிடித்துக்கொண்டு வரவில்லை. மருந்தை எடுத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றியது நான்தான். பன்னிரண்டாம் நாள் சாயங்காலத்திலிருந்து முந்தாநாள் வரை, காலையும் மாலையும், என்ன நடக்கும் என்று தெரிந்தே ஊற்றினேன். அண்ணனுடைய இரண்டு கண்களையும் போக்கியது நான்தான். இதில் எனக்கு மறுப்பு இல்லை.

ஒன்று மட்டும் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது, மேடம். நேற்று இரவு முழுவதும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவருக்கு இரண்டு வருடமாகத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே, தினமும் இரண்டு வேளை என் முன்னால் முகத்தை அண்ணாந்து காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தெரியும்டா என்று அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் நிறுத்தியிருப்பேன். அன்று அவருக்குக் கண் இருந்தது. கூடப் பிறந்தவனை நம்பவைத்து இரண்டாவது முறையும் ஏமாற்றியிருக்கிறார். அதற்கு உங்கள் சட்டத்தில் பிரிவு ஏதாவது இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. இருந்தால், அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.